தலைக்கு மேல் 100 கிலோ

ஜூன் மாதத்தில் மணாலிக்குப் போனால் ஜீப்புகளுக்கெல்லாம் தொப்பி முளைத்திருப்பதைப் பார்க்கலாம். டெல்லி, சண்டிகர், மும்பை, பெங்களூர், ஏன், கோயம்புத்தூர் பதிவு எண்கள்கூட. பொலேரோ, ஸ்கார்ப்பியோ, தார், பழைய ஜிப்ஸி என்று எந்த வண்டியானாலும் கூரை மேல் ஒரு இரும்புக் கேரியர். அதில் இரண்டு ஜெர்ரி கேன், ஒரு உபரி ஸ்டெப்னி, கூடாரம், மண்வெட்டி. எல்லாவற்றையும் மூடி நீலத் தார்பாலின். அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு.

பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் இத்தனையையும் வண்டியோடு சேர்த்துப் பிடித்துவைத்திருப்பது எது? ஆறோ எட்டோ போல்ட்டுகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. அவையும் பிடித்திருப்பது பெரும்பாலும் தகரத்தின் ஒரு மடிப்பைத்தான். மாட்டிக் கொடுத்த மெக்கானிக் கேரியரை ஒரு கையால் ஆட்டிக் காட்டி, “சார், மலை மாதிரி நிக்கும்” என்று சொல்லியிருப்பார். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் நிற்கத்தான் செய்யும். பாரலாச்சா கணவாயைத் தாண்டி, சாலை என்ற பெயரில் கல்லும் மணலும் ஓடையும் கலந்து கிடக்கும் இடத்தில் நிற்குமா என்பதுதான் கேள்வி.

ஏன் இவ்வளவு சுமை என்று கேட்டால் நியாயமான காரணம் ஒன்று உண்டு. மணாலியிலிருந்து லே 400 கி.மீ.க்கும் மேல். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு ரோத்தாங் ஏறும் வேலை மிச்சமானாலும் மற்ற கணவாய்கள் அப்படியேதான் இருக்கின்றன. வழியில் தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்க்கில் இருக்கும் பலகை, மலைப் பயணிகள் மத்தியில் பல்லாண்டுகளாகப் பிரசித்தம்: அடுத்த பங்க் 365 கி.மீ. தொலைவில். அதைப் படிக்கும் எவருக்கும் கேனை நிரப்பிக்கொள்ளத்தான் தோன்றும். நிரப்பிய கேனை வண்டிக்குள் வைத்தால் நாற்றம். எனவே அது கூரைக்குப் போகிறது. அதற்கு மேல் இடம் மிச்சமிருந்தால், இடம் இருக்கிறதே என்று மற்ற சாமான்களும் பின்னாலேயே ஏறிவிடுகின்றன.

கொஞ்சம் கணக்குப் போடலாம். 20 லிட்டர் டீசல் சுமார் 17 கிலோ. இரும்புக் கேனையும் சேர்த்தால் 21. இரண்டு கேன் என்றால் 42. ஜீப் வகை வண்டியின் சக்கரம் ஒன்று ரிம்மோடு 25 கிலோவுக்குக் குறையாது. பட்டறையில் பற்றவைத்த இரும்புக் கேரியரே 30 கிலோ. கூடாரத்தையும் மண்வெட்டியையும் கணக்கில் சேர்ப்பதற்கு முன்பே 100 கிலோவை நெருங்கிவிட்டோம்.

வண்டியின் கூரை எவ்வளவு தாங்கும்? இதற்கு மெக்கானிக்கைக் கேட்பதில் பயனில்லை. வண்டியோடு வந்த கையேட்டில் இருந்தால் உண்டு. பல கம்பெனிகள் வெளிநாடுகளில் விற்கும் ஜீப்புகளுக்கு 75 முதல் 100 கிலோ வரை வரம்பு சொல்கின்றன. சிறிய வண்டிகளுக்கு அதுவும் கிடையாது. ஆஸ்திரேலியாவில் மூன்று கதவு சுசுகி ஜிம்னிக்குச் சொல்லப்பட்ட வரம்பு வெறும் 30 கிலோ. இந்த வரம்பில் கேரியரின் எடையும் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 30 கிலோ வரம்புள்ள கூரையில் 30 கிலோ இரும்புக் கேரியரை ஏற்றினால், அதன் பிறகு ஒரு தலையணைகூட வைக்க இடமில்லை.

இன்னொரு விஷயம். இந்த வரம்பு தார் ரோட்டுக்கு. கேரியர் தொழிலில் பழுத்த ஆஸ்திரேலியக் கம்பெனிகள் சில, கரடுமுரடான பாதையில் போவதாக இருந்தால் வரம்பை ஒன்றரையால் வகுத்துக்கொள்ளச் சொல்கின்றன. தார் ரோட்டில் 75 என்றால் கல் ரோட்டில் 50. இது அதீத எச்சரிக்கை அல்ல. சக்கரம் ஒரு குழியில் விழுந்து எழும்போது கூரையில் இருக்கும் 50 கிலோ, ஒரு கணம் 100 அல்லது 125 கிலோவாகக் கீழே அமுக்குகிறது. அடுத்த கணம் மேலே எகிறப் பார்க்கிறது. போல்ட்டுகளைச் சோதிப்பது இந்த இரண்டாவது கணம்தான். கீழே அமுக்கும்போது கூரையும் தூண்களும் உதவிக்கு வருகின்றன. மேலே எகிறும்போது பிடித்து இழுக்க போல்ட்டைத் தவிர யாருமில்லை.

கூரைக்கு மேல் கூடாரம் போட்டு அதிலேயே தூங்கும் மோகம் இப்போது நம் ஊரிலும் பரவியிருக்கிறது. “கூரை 75 கிலோதான் தாங்கும் என்றால் இரண்டு பேர் எப்படித் தூங்குகிறார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. வண்டி நிற்கும்போது கூரை பல மடங்கு தாங்கும். கையேட்டின் வரம்பு ஓடும் வண்டிக்கு. தூங்கும் ஆட்கள் கணக்கில் வரமாட்டார்கள், மடித்துவைத்த கூடாரம் வரும். அது மட்டுமே 50, 60 கிலோ இருக்கலாம்.

இனி மாட்டும் விஷயம். இந்திய ஜீப்புகளில் பொதுவாக மூன்று விதமான கூரைகளைப் பார்க்கலாம்.

பழைய பாணி வண்டிகளில் கூரையின் இரு ஓரமும் மழைநீர் வழிந்தோட ஒரு மடிப்பு இருக்கும். மெக்கானிக் பாஷையில் ‘ரெயின் கட்டர்’. அம்பாசடர் காலத்திலிருந்தே நம் நாட்டுக் கேரியர்கள் எல்லாம் இதில்தான் உட்கார்ந்து வந்திருக்கின்றன. பொலேரோ, டாடா சுமோ, இரும்புக் கூரை ஜிப்ஸி, இப்போதைய ஜிம்னி எல்லாவற்றிலும் இந்த மடிப்பு உண்டு. கேரியரின் கால் மடிப்புக்குள் உட்காரும். வெளியிலிருந்து ஒரு கவ்வி, மடிப்பின் அடியில் பிடித்து போல்ட்டால் இறுகும். எளிமையான, நம்பகமான முறை. துளை போட வேண்டாம், நினைத்தபோது கழற்றலாம். கூரையின் ஓரம் நேராகத் தூண்களின் மேல் நிற்பதால் பாரமும் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்கிறது.

ஆனால் இதில் மூன்று தவறுகள் சர்வ சாதாரணம். பக்கத்துக்கு இரண்டே கால் வைப்பது முதலாவது. நகரத்துக்கு இரண்டு போதும். மலைக்கு மூன்று, நீளக் கூரையென்றால் நான்கு வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் மற்றவை வைத்திருக்கும். இரண்டாவது, கவ்வியின் அளவு. ஒரு அங்குல அகலத்தில் வளைத்த பட்டைக் கவ்வி, தகர மடிப்பின் ஒரே புள்ளியில் அத்தனை இழுப்பையும் போடும். மடிப்பு மெதுவாக வாய் திறக்கும். கவ்வி குறைந்தது நாலு விரல் அகலம் இருக்கட்டும். கால் உட்காரும் இடத்தில் ரப்பர் பட்டை அவசியம். ஆனால் சைக்கிள் டியூபை மடித்து மடித்துத் திணிக்கும் வழக்கம் வேண்டாம். ரப்பர் தடிமனாக இருந்தால் அமுங்கிக்கொண்டே போகும். அது அமுங்கும் அளவுக்கு போல்ட் தளரும். மூன்றாவது தவறு, ஆர்வக்கோளாறில் இறுக்குவது. நீளமான ஸ்பேனரில் பைப்பைச் சொருகி இழுத்தால் போல்ட் உடையாது, மடிப்புதான் வளையும். வளைந்த மடிப்பு அதன் பிறகு எதையும் சரியாகப் பிடிக்காது.

இரண்டாம் வகை, கூரையின் மேல் நீளவாக்கில் ஓடும் ரெயில். இங்கேதான் ஏமாற்றம் அதிகம். சில வண்டிகளில் அது உண்மையிலேயே பாரம் தாங்கும் உலோகம். கூரையின் உள்சட்டத்தில் போல்ட் போட்டிருப்பார்கள். வேறு சிலவற்றில் அது அழகுக்காக ஒட்டிய பிளாஸ்டிக். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கையேட்டில் அந்த ரெயிலுக்கு இத்தனை கிலோ என்று எண் போட்டிருந்தால் நம்பலாம். எண் இல்லையென்றால் அதை ஆபரணமாகவே பாவிப்பது நல்லது.

மூன்றாவது, கூரை என்று பெயருக்கு இருக்கும் கூரைகள். கான்வாஸ் மூடிய ஜிப்ஸி, ஃபைபர் கூரை மாட்டிய பழைய தார் போன்றவை. இவற்றின் மேல் கேரியரை நேரடியாக உட்காரவைப்பதும் பானை மேல் உரலை வைப்பதும் ஒன்று. உள்ளேயோ வெளியேயோ குழாய்ச் சட்டம் கட்டி, அதன் கால்கள் வண்டியின் உடலிலோ சேஸிஸிலோ நிற்க வேண்டும். கேரியர் அந்தச் சட்டத்தின் மேல் உட்கார வேண்டும். ஃபைபர் வெறும் மழைத் தடுப்பு, அவ்வளவுதான்.

கூரையில் துளை போட்டு போல்ட் மாட்டித் தருகிறேன் என்று சொல்லும் பட்டறைகளும் உண்டு. துரு, ஒழுகல் எல்லாம் அப்புறம். முதல் ஆபத்து வேறு. இப்போதைய பல வண்டிகளில் கூரையின் ஓரத்துக்குள் பக்கவாட்டு ஏர்பேக் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. டிரில்லிங் மெஷின் அதைத் தேடிப் பிடித்துவிடலாம். கம்பெனியே போல்ட் இடம் விட்டிருந்தால் அதில் மாட்டுங்கள். இல்லையென்றால் டிரில்லிங் மெஷினைக் கூரைப் பக்கம் வர விடாதீர்கள்.

சரி, ஒழுங்காக மாட்டியாயிற்று. மாட்டிய போல்ட் ஏன் கழன்றுகொள்கிறது?

1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இதற்கு ஒரு தெளிவான விடை கொடுத்தார். அதுவரை, போல்ட்டை அதன் நீளவாக்கில் இழுத்து இழுத்து விடுவதுதான் அதைத் தளர்த்துகிறது என்று பலர் நம்பினார்கள். பெரிய எதிரி அதுவல்ல, இணைந்திருக்கும் இரண்டு பாகங்களும் பக்கவாட்டில் ஒன்றின் மேல் ஒன்று லேசாக வழுக்குவதுதான் என்று யுங்கர் காட்டினார். அந்த வழுக்கல் நடக்கும் கணத்தில் மரையின் பிடிமானம் போய்விடுகிறது. நட்டு தானாகவே ஒரு மயிரிழை திரும்புகிறது. இதையே பல்லாயிரம் தடவை செய்தால்?

பாங் தாண்டியதும் வரும் மோரே சமவெளியில், சாலையை விட்டு இறங்கிய மணல் தடங்களில் இதை நேரடியாக அனுபவிக்கலாம். தகரக் கூரைபோல் அலை அலையாக இறுகிப்போன மண். வண்டி ‘டரடரடர’ என்று அடித்துக்கொண்டே ஓடும். ஒரு விநாடிக்குப் பத்து இருபது அதிர்வு என்று வைத்துக்கொண்டாலும், அரை மணி நேரத்தில் பதினெட்டாயிரத்துக்குக் குறையாது. யுங்கரின் சோதனை மெஷினைக் கூரை மேல் ஏற்றிக்கொண்டு போவதற்குச் சமம்.

நம் பட்டறைகளில் இதற்குச் சொல்லும் வைத்தியம் ஸ்பிரிங் வாஷர். ஒரு இடத்தில் வெட்டி, லேசாக முறுக்கிவிட்ட அந்த வளையம் எல்லாருக்கும் தெரியும். முழுதாக இறுக்கியதும் அது தட்டையாகிச் சாதாரண வாஷர் ஆகிவிடுகிறது, அதனால் நட்டைப் பிடித்துவைக்க உதவாது என்று அமெரிக்காவின் நாசா 1990இல் வெளியிட்ட போல்ட் கையேட்டிலேயே எழுதியாகிவிட்டது. ஆனாலும் ஸ்பிரிங் வாஷரின் மேல் நமக்கிருக்கும் பக்தி குறையவில்லை. உள்ளே நைலான் வளையம் உள்ள ‘நைலாக்’ நட்டு பல மடங்கு மேல். எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், விலையும் சொற்பம். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் புதிது போடுவது நல்லது. அது கிடைக்காத ஊரில் ஒரு நட்டுக்கு மேல் இன்னொரு நட்டாக ‘செக் நட்’ போடலாம்.

இன்னொரு எளிய உபாயம், வீட்டுப் பெண்களின் நகப்பூச்சு. இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து கவ்வி வரை ஒரே கோடாகச் சிவப்புப் பூச்சை இழுத்துவிடுங்கள். நட்டு திரும்பினால் கோடு முறியும். காலையில் டீ குடித்துக்கொண்டே ஒரு சுற்று நடந்தால் எந்தப் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஸ்பேனரே தொட வேண்டாம். விமானப் பணிமனைகளில் இதே காரியத்தை இன்னும் கௌரவமான பெயர் கொண்ட பூச்சால் செய்கிறார்கள்.

புதிதாக மாட்டிய கேரியரை முதல் 50 கி.மீ.யில் நிறுத்தி எல்லா போல்ட்டையும் ஒரு முறை இறுக்க வேண்டும். ரப்பர் அமுங்குவதும் பெயின்ட் நசுங்குவதும் அதற்குள் நடந்துவிடும். அதன்பின் கல் ரோட்டில் தினம் ஒரு முறை. கூரையிலிருந்து புதிதாக ஒரு ‘கிடுகிடு’ கேட்டால் பாட்டின் சத்தத்தைக் கூட்டாமல் வண்டியை ஓரங்கட்டுங்கள்.

கேரியர் வண்டியில் நிற்கிறது. சாமான் கேரியரில் நிற்க வேண்டுமே!

இதில் நம் லாரிக்காரர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. கயிற்றில் ஒரு கண்ணி போட்டு, அதிலேயே நுனியை நுழைத்துக் கப்பி மாதிரி இழுத்து அவர்கள் போடும் கட்டு, கையால் சாதாரணமாக இழுப்பதைவிட நன்றாக இறுகும். ஆனால் அவர்கள் ஒவ்வொரு தாபாவிலும் இறங்கிக் கயிற்றைத் தட்டிப் பார்ப்பதையும் சேர்த்துக் கற்க வேண்டும். நைலான் கயிறு இழுத்தால் நீளும், நனைந்தால் இன்னும் தளரும். பாலியஸ்டர் பட்டையில் பல்சக்கரப் பூட்டு வைத்த ‘ராட்செட்’ பெல்ட் இருந்தால் அதுவே உத்தமம். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறுகள் சட்டை பறக்காமல் கொடியில் பிடிக்கத்தான் லாயக்கு. அவற்றை நம்பி ஒரு கேனைக் கூரையில் வைப்பது, பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் உயிரைப் பந்தயம் வைப்பதாகும். மணாலி–லே சாலையில் பின்னால் வருகிறவர்களில் பாதிப்பேர் மோட்டார் சைக்கிள்காரர்கள்தான்.

உண்மையில் சாமானை நிறுத்துவது பெல்ட் மட்டும் அல்ல, உராய்வும்தான். பெல்ட் சாமானைக் கீழே அமுக்குகிறது. அமுங்கிய சாமான் வழுக்காமல் இருப்பது உராய்வால். இரும்பின் மேல் இரும்பு வழுக்கும். இடையில் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டால் பிடிமானம் இரண்டு மூன்று மடங்காகிறது. மாட்டுத் தொழுவத்தில் போடும் ரப்பர் பாயை அளவாக வெட்டிப் போட்டாலே போதும். அத்துடன், பெல்ட்டை கேரியரின் ஓரக் குழாயில் மட்டும் கட்டாமல், முன்னும் பின்னும் ஒவ்வொன்றை பம்பரின் இழுவைக் கொக்கி வரை இறக்கிக் கட்டினால் கேரியரே கழன்றாலும் சாமான் கண்ணாடி வழியாக முன்னால் பாயாது. கூரையில் நீளமான சாமான் இருந்தால் இது கட்டாயம்.

ஜெர்ரி கேனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் பெயரே ஒரு போர்க் கதை. 1937 வாக்கில் ஜெர்மானியர் வடிவமைத்த கேன் அது. அதன் நேர்த்தியைப் பார்த்து ஆங்கிலேயர் காப்பியடித்தார்கள். ஜெர்மானியருக்கு ஆங்கிலச் சிப்பாய்கள் வைத்திருந்த பட்டப்பெயர் ‘ஜெர்ரி’. கேனுக்கும் அதுவே நிலைத்துவிட்டது. ராணுவ ஜீப்புகளில் அந்தக் கேன் எங்கே இருந்தது என்று பழைய படங்களில் பாருங்கள். வில்லிஸ் ஜீப்பில் பின்புறம், இடுப்பு உயரத்தில் ஒரு இரும்புத் தொட்டிலில் இருக்கும். கூரை மேல் அல்ல. யுத்த காலத்து மூளை அவசரத்திலும் சரியாகவே வேலை செய்திருக்கிறது.

கூரையில்தான் வைப்பேன் என்றால் இரும்புக் கேனாக இருக்கட்டும். நிமிர்ந்தே நிற்கட்டும். கழுத்து வரை நிரப்பாதீர்கள். மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரம். டாங்லாங் லா 5,300 மீட்டருக்கும் மேல். அங்கே காற்றழுத்தம் மணாலியைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. மூடி இறுக்கிய பிளாஸ்டிக் கேன் அந்த உயரத்தில் பலூன்போல் உப்பும். உப்பும்போது பெல்ட் விண்ணென்று இறுகும். பார்ப்பவர் ‘அடடா, என்ன கெட்டி’ என்று நினைப்பார். கணவாயிலிருந்து இறங்க இறங்க கேன் பழையபடி சுருங்கும். இழுபட்ட பெல்ட் தொளதொளவென்று ஆகும். கேன் தப்பிப்பது ஏற்றத்தில் அல்ல, இறக்கத்தில்தான். எனவே ஒவ்வொரு கணவாய்க்குப் பின்னாலும், கீழே இறங்கியதும் பெல்ட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

போல்ட்டும் பெல்ட்டும் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் தீராத பிரச்னை ஒன்று இருக்கிறது. உயரம். 1,600 கிலோ வண்டி, அதன் பார மையம் தரையிலிருந்து 70 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மீட்டர் உயரத்தில் 100 கிலோவை ஏற்றினால் பார மையம் கிட்டத்தட்ட 8 செ.மீ. மேலே போகிறது. இரு சக்கரங்களுக்கும் இடையே 1.4 மீட்டர் அகலம் என்றால், வண்டி பக்கவாட்டில் கவிழும் கோணம் காகிதக் கணக்கில் 45 டிகிரியிலிருந்து 42 ஆகக் குறைகிறது. மூன்று டிகிரிதானே என்று அலட்சியம் வேண்டாம். ஸ்பிரிங்குகள் ஒரு பக்கம் சாய்வதும், சக்கரம் கல்லில் ஏறி இறங்குவதும் இந்தக் கணக்கில் இல்லை. நிஜத்தில் வண்டி இதற்கு வெகு முன்பே மனதை மாற்றிக்கொண்டுவிடும். ஜெய்சல்மேரின் மணல் மேடுகளில் குறுக்காக ஓட்டுகிறவர்களும், ஸ்பிதியில் மண் சரிந்த பாதையின் ஓரமாக ஒரு சக்கரத்தை ஏற்றிக் கடக்கிறவர்களும் அந்த மூன்று டிகிரிக்குள்தான் பிழைக்கிறார்கள். 1999இல் தொடங்கிய ரெய்டு டி ஹிமாலயா பந்தயத்தில் ஓடிய ஜிப்ஸிகளின் கூரை மேல் கேரியரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பாரமானது எதுவும் மேலே போகக்கூடாது என்பது பந்தயக்காரர்களின் பால பாடம்.

எனவே சாமான்களைப் பிரிக்கும்போது கனமானதெல்லாம் உள்ளே, தரையில், இரண்டு அச்சுகளுக்கும் நடுவில். கேன்கள் பின்கதவுத் தொட்டிலில். தூங்கும் பை, காலிப் பெட்டி, கூடாரத் துணி, பாய் இவை கூரையில். பருமன் மேலே, பாரம் கீழே. இப்படிப் பிரித்தபின் கூரையில் 30 கிலோகூட மிஞ்சாது என்றால் மணாலி பட்டறையின் ராட்சதக் கேரியர் எதற்கு? அதே 30 கிலோவைத் தாங்க இரண்டு குறுக்குக் கம்பிகளும் ஒரு வலையும் போதும். எடையும் நாலில் ஒரு பங்குதான். கேரியரின் கம்பீரத்துக்காகவே அதை மாட்டுகிறவர்களும் உண்டு. அவர்களைத் தடுக்க முடியாது. மாட்டிக்கொள்ளட்டும், காலியாக ஓட்டட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. தயாரிப்பாளரின் அசல் விவரத்திலிருந்து வண்டியை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொன்னது. முன்பக்க இரும்புக் கம்பிகளுக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கழற்றி மாட்டும் கேரியர் அந்த அளவுக்கு வம்பில்லை என்றாலும், பற்றவைத்து நிரந்தரமாக்கினால் சோதனையில் பதில் சொல்ல வேண்டிவரலாம். சாமான் பக்கவாட்டிலோ முன்னும் பின்னுமோ வரம்பு தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் 2019 திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய். அதோடு சாமானை இறக்கவும் வேண்டும்.

ஊருக்குத் திரும்பியதும் கேரியரைக் கழற்றிவிடுங்கள். டெல்லியிலும் சென்னையிலும் அதற்கு வேலை இல்லை. காற்றை எதிர்த்து டீசலைக் குடிப்பதைத் தவிர. கழற்றும்போது ரப்பர் பட்டைகளின் அடியைத் திறந்து பாருங்கள். மலையின் மணலும் மழைநீரும் அங்கேதான் தங்கியிருக்கும். பெயின்ட் தேய்ந்து மடிப்பில் துருப் புள்ளிகள் தெரிந்தால் அப்போதே தேய்த்து பிரைமர் அடித்துவிட வேண்டும். அடுத்த ஜூனில் கவ்வி பிடிக்கப்போவது அதே இடத்தைத்தான்.